மூன்றாவது ஜாடி

தல்போ, வாண்டோ தீவு
1984 டிசம்பர் 11

கும்ஹீ அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் கும்ஹீயும் குழந்தையும் நலமா? பேரன் அப்படியே என் மூக்கோடு பிறந்திருக்கிறான் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். பாவம், குழந்தை என்ன செய்யும். மகளுக்கு நாள் தவறாமல் கடற்பாசி சூப் வைத்துக் கொடு. கடலில் நாம் கட்டிய கயிற்றில் விளைந்த பாசியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். பூசான் கடைப் பாசியை நம்பாதே.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாய் நலம். நீ முற்றத்து மண்ணில் ஜாடியோடு புதைத்துவிட்டுப் போன கோஸ் கிம்ச்சி நன்றாகப் புளித்து வருகிறது. முதல் ஜாடியை மட்டும்தான் திறந்திருக்கிறேன். இரண்டாவதைத் தொடவில்லை. மூன்றாவது விரிசல் விட்ட காலி ஜாடிதானே, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சபையில் எல்லாரும் சுகம். எனக்குத்தான் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் விடியற்காலை ஜெபத்துக்குப் போகவில்லை. வேறு காரணம் ஏதும் இல்லை. கடையிலிருந்து பே அக்கா போன் போட்டு ஏதாவது சொன்னால், அவளுக்கு ஒரு காது மந்தம் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

ஜனவரியில் வரும் சபை மூப்பர் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். எனக்கும் வயசாகிறது. இந்த முறை வேறு யாராவது நிற்கட்டுமே என்று தோன்றுகிறது.

உன் கணவன்,
பியோ சங்கில்


பூசான்
1984 டிசம்பர் 15

கும்ஹீ அப்பாவுக்கு,

மூப்பர் ஆவதற்கு வயசாகிவிட்டது என்று சொன்ன முதல் மனுஷன் இந்தப் பூமியிலேயே நீங்கள்தான்.

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே பே அக்காவின் போன் வந்துவிட்டது. அவளுக்கு ஒரு காது மந்தம்தான். ஆனால் நீங்கள் கத்தியது மந்தமான காதுக்கும் கேட்டிருக்கிறது. சபை முழுக்கக் கேட்டிருக்கிறது. ஐந்து மணி படகுக்கு நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

விடியற்காலை ஜெபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டு அவரவர் பாவத்தை ஆண்டவரிடம் சொல்கிறோம். அந்த இரைச்சலில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குக் கேட்காது. போதகர் மேசை மணியை ஒரு தட்டு தட்டினால் எல்லாரும் வாயை மூட வேண்டும். ஞாயிறு பள்ளிப் பொடிசுகளுக்குக்கூட இது தெரியும். இத்தனை வருஷம் உதவிக்காரராக இருந்து காணிக்கைப் பை பிடிக்கிற உங்களுக்குத் தெரியாதா? மணி அடித்து, ஊரே அடங்கி, ஒரு இருமல் சத்தம்கூட இல்லாத நேரத்தில் நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என்ன கத்தினீர்கள்? பே அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்களே வாசித்துப் பாருங்கள்.

"ஆண்டவரே, மறுபடியும் மூணாவது ஜாடி! விரிசல்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டு அதுல அரிசிக் கள்ளை ஊத்தி வச்சிருக்கேன்! நேத்தும் குடிச்சேன், இன்னைக்கும் குடிப்பேன்னு எனக்கே தெரியுது, நான் என்னதான் பண்றது!"

பழக்க தோஷத்தில் யாரோ "ஆமென்" வேறு சொன்னார்களாமே.

ஐயோ, நீங்கள் வெளியே எங்கேயோ குடித்துவிட்டு வருகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, ஐந்து வருஷமாக அந்த ஜாடியைத் தாண்டித் தாண்டித்தானே நான் கிம்ச்சி எடுத்தேன்! "விரிசல் விட்ட ஜாடியை எதுக்கு வச்சிருக்கணும், தூக்கிப் போடலாமே" என்று நான் கேட்டபோது, "உங்க அம்மா வீட்டு சீதனமாச்சே, மனசு வரல" என்று சொன்னீர்களே. அதைக் கேட்டு நான் அழுதேனே! அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உள்ளத்தில் உண்மையான விசுவாசம் இருக்கிறவன் இத்தனை வருஷத்தில் அந்தச் சனியனை விட்டிருக்க மாட்டானா? தினமும் காலையில் அழுவதும் சாயங்காலம் குடிப்பதும் எந்த வகைக் கிறிஸ்தவம்?

மார்ச் மாதம், பிறந்த நூறாம் நாள் கழிந்து, பேரனுக்கு இங்கே ஞானஸ்நானம். குடியை விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். விடவில்லையென்றால் வர வேண்டாம். அந்த நாற்றத்தோடு என் பேரனைத் தூக்க விட மாட்டேன்.

மூப்பர் மனைவியாக ஜனவரியில் உடுத்துவதற்கு நீலப் பட்டு எடுத்து வைத்திருந்தேன். கும்ஹீ அதைத் தொட்டிலுக்குத் திரை தைக்கலாமா என்று கேட்கிறாள்.

ஓக்புன்


தல்போ
1984 டிசம்பர் 22

கும்ஹீ அம்மாவுக்கு,

"ஆமென்" சொன்னது கோ தம்பி. அவன் எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்வான். அவனை விட்டுத்தள்ளு.

மா மூப்பர் தலைமையில் நம் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் வரிசையாக நின்று ஜாடியின் மூடியைத் திறந்தார்கள். பே அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல இருக்கே, தொழிலதிபர்தான்!" என்றாள். மா மூப்பரை உனக்குத் தெரியாதா, எதையும் முறைப்படி செய்கிறவர். "இது கள்ளுதான்னு யார் சொன்னா? பழைய கஞ்சித் தண்ணியாக்கூட இருக்கலாம். சாட்சி வேணும்" என்று சொல்லி அகப்பையை விட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அவர் நாக்கில் இந்தச் சொட்டு பட்டதே இல்லை. அகப்பையை உடனே கீழே வைக்கவில்லை. அப்புறம் "கள்ளுதான்" என்றார்.

போதகர் யாங் கொட்டிவிடலாம் என்று மெல்லச் சொன்னார். மா மூப்பர் விடவில்லை. "சபைக் கூட்டம் முடியிற வரைக்கும் இது சாட்சிப் பொருள்" என்று மூடியின் மேல் வைக்கோல் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். பாசிக் கயிற்றோடு பிறந்து வளர்ந்த எனக்கு முன்னால் முடிச்சுப் போடுகிறார் பார்! அன்று சாயங்காலமே அவிழ்த்துவிட்டேன். மறுபடி அதே போலக் கட்டியும் வைத்துவிட்டேன்.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். கிருபை யாருக்கு? பாவிக்கு. நான் யார்? பாவி. நான் குடிக்கிறதை நிறுத்திவிட்டால் கிருபைக்கு என்னிடம் என்ன வேலை இருக்கும்? ஆண்டவர் மன்னிக்கிறவர், நான் மன்னிக்கப்படுகிறவன். ரெண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இதை யோசித்துப் பார்த்தபோது எனக்கே மனம் லேசாகிவிட்டது.

நீலப் பட்டைத் திரை தைக்கக் கொடுத்துவிடாதே. நல்ல துணி.

பியோ சங்கில்


பூசான்
1984 டிசம்பர் 29

கும்ஹீ அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவரவர் வேலையா? ஆண்டவருடைய கிருபையை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டு குடிக்கிறீர்களா? வெட்கமாக இல்லை? சிலுவையில் தொங்கினவர் உங்களுக்குக் கணக்குத் தீர்க்கிற குமாஸ்தாவா? பெரிய வேத பண்டிதர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள்! அந்தக் கடிதத்தை எழுதும்போது பக்கத்தில் கிண்ணம் இருந்ததா இல்லையா? எனக்குத் தெரியும், இருந்தது. மூன்றாவது பக்கத்தில் ஒரு வட்டம் பதிந்திருக்கிறது.

காலையில் அழுகிறவனை ஆண்டவர் மன்னிப்பார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் "காலையில் அழுதுகொள்ளலாம்" என்று சொல்லிச் சாயங்காலம் குடிக்கிறவனை எந்தக் கணக்கில் வைக்க?

கும்ஹீ சொல்கிறாள், "அம்மா, நீங்க பேனாவை அழுத்துற அழுத்துல குழந்தை முழிச்சிக்குது." ஆகவே இதோடு நிறுத்துகிறேன். ஜாடியைக் கொட்டிவிட்டேன் என்று எழுதும்வரை எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

ஓக்புன்


தல்போ
1985 ஜனவரி 20

கும்ஹீ அம்மாவுக்கு,

ஜாடியைக் கொட்டவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு யாரிடம் சொல்வேன்?

தேர்தல் முடிந்தது. பெயர்களை மா மூப்பர்தான் வாசித்தார். என் பெயர் இல்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பெயர் வர வேண்டிய இடம் வந்ததும் மனுஷன் நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செருமாமல் வாசித்திருக்கலாம். உதவிக்காரர் பொறுப்பிலிருந்தும் ஆறு மாதம் விலகி இருக்கச் சொன்னார்கள். காணிக்கைப் பையை கோ தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அதற்கும் ஆமென் சொன்னான்.

அன்றிலிருந்து நான் சபைக்குப் போவதில்லை. ஆனால் இந்தப் பாழாய்ப்போன உடம்பு விடியற்காலையில் எழுந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? நாயைக் கூட்டிக்கொண்டு போய்ச் சபைச் சுவருக்குப் பின்னால், அடுப்புக் குழாய் வெளியே வருகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். குழாய் சூடாக இருக்கும். உள்ளே எல்லாரும் இரைகிற சத்தம் கேட்கும். நான் ஜெபிப்பதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன். மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது.

போதகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நான் பெரிய பிரசங்கத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். அவர் "தொண்டை சரியாயிடுச்சா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிட்டார். நாய்க்கு ஒன்று போட்டார். போய்விட்டார்.

இன்னொரு விஷயம். சொன்னால் நம்ப மாட்டாய். ஜாடியில் கள் குறைகிறது. நான் குடிக்கிறதை விடக் குறைகிறது. நான் ஒரு கிண்ணம் எடுத்தால் இரண்டு கிண்ணம் இறங்குகிறது. பகலில் நான் கடலில் இருக்கும்போது யாரோ வருகிறார்கள். நாய் குரைப்பதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுத் தலை கிடக்கிறது. நம் வீட்டில் இந்த வாரம் கருவாடே வாங்கவில்லை. எனக்குப் போதகர் மேல்தான் சந்தேகம்.

பியோ சங்கில்


பூசான்
1985 ஜனவரி 27

கும்ஹீ அப்பாவுக்கு,

முதலில் பொய், பிறகு குடி, பிறகு வியாக்கியானம், இப்போது போதகர் மேல் பழியா? போதகர் சின்னப் பிள்ளை, வாயில் புளித்த கஞ்சி வைத்தால்கூடக் குமட்டுவான். "நான் ஒன்று குடித்தால் இரண்டு இறங்குகிறது" என்று குடிக்கிறவர்கள் எல்லாரும்தான் சொல்வார்கள். முதல் கிண்ணம் நினைவிருக்கும், இரண்டாவது நினைவிருக்காது. அவ்வளவுதான் மர்மம்.

இங்கே எல்லாரும் நலம். உங்கள் பேரன் சிரிக்கிறான். உங்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதினேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுவருக்குப் பின்னால் உட்காரும்போது தடித்த சட்டையைப் போடுங்கள்.

ஓக்புன்


தல்போ
1985 பிப்ரவரி 12

ஓக்புன்,

இதைச் சாயங்காலம் எழுதவில்லை, காலையில் எழுதுகிறேன். பக்கத்தில் கிண்ணம் இல்லை. தாளைத் திருப்பிப் பார், வட்டம் இருக்காது.

சுவருக்குப் பின்னால் போவதையும் பத்து நாளைக்கு மேலாக நிறுத்திவிட்டேன். பனி அதிகம் என்று ஒரு நாள் படுத்துவிட்டேன். மறுநாள் பனி இல்லை, ஆனாலும் படுத்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முன்பெல்லாம் குடிக்கும்போது இரண்டாவது கிண்ணத்தில் உள்ளே ஒரு முள் குத்தும். நெஞ்சுக்குக் கீழே, இந்த இடத்தில். அது குத்தக் குத்தத்தான் குடிப்பேன். அதனால்தான் காலையில் போய்க் கத்துவேன். நீ அந்தக் கத்தலை நடிப்பு என்று நினைத்திருக்கலாம். நடிப்பு இல்லை, வலி.

இப்போது குத்தவில்லை. நேற்று நான்கு கிண்ணம் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, "அட, ஒன்றுமே செய்யவில்லையே" என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஓக்புன், எனக்குப் பயமாக இருக்கிறது. மரத்துப்போன கையை அடுப்பில் வைத்தால் தெரியாதே, அது மாதிரி.

நீ கேட்டாயே, உண்மையான விசுவாசம் இருந்தால் விட்டிருக்க மாட்டானா என்று. நீ கேட்டது சரிதான் போல. ஞானஸ்நானத்துக்கு நான் வரவில்லை. நீ வர வேண்டாம் என்று சொன்னதற்காக இல்லை. குழந்தையின் பக்கத்தில் நின்று நான் எதை நம்புகிறேன் என்று சொல்வேன்?

சங்கில்


பூசான்
1985 பிப்ரவரி 16

கும்ஹீ அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. சூப் அடுப்பில் பிடித்துக் கருகிவிட்டது. கும்ஹீ சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்கிறேன். குறுக்கே சிரிக்கக் கூடாது.

இங்கே மாப்பிள்ளையின் சபை பெரிய சபை, மைக் வைத்து ஜெபிக்கிறார்கள். இரைச்சலில் நம் ஊர் தோற்றுவிடும். நானும் தினமும் போய் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் கும்ஹீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வரும்போது கேட்கிறாள், "அம்மா, அப்பாவுக்காக ஜெபிக்கிறீங்கன்னு நினைச்சேன். நீங்க நாற்காலிக்காக இல்ல ஜெபிக்கிறீங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மா மூப்பர் பொண்டாட்டி மட்டும் முன்வரிசையில உக்காரணுமா ஆண்டவரே, எனக்கு என்ன குறைச்சல், இந்த மனுஷன் கெடுத்துட்டாரேன்னு அழுதீங்கம்மா. முழுக்கக் கேட்டேன்" என்கிறாள்.

எனக்கு மணியும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. ஆனாலும் நடுத்தெருவில் காது சுட்டது. நீங்கள் அவ்வளவு பேருக்கு நடுவில் நின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்பு ஒரு தடவைகூட நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மா மூப்பர் மனைவியைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று தினமும் காலையில் ஆண்டவரிடம் சத்தியம் செய்கிறேன். மதியச் சோற்றுக்குள் அது உடைந்துவிடுகிறது. எத்தனை வருஷமாக? கல்யாணம் ஆன நாளாக. என்னை யாரும் "உனக்கு விசுவாசம் உண்டா" என்று கேட்டதில்லை. என் வாயில் நாற்றம் அடிக்காது, அதனால் கேட்டதில்லை.

ஆகவே நான் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது தப்புக் கேள்வி. விடாதவனுக்கு விசுவாசம் இல்லை என்றால் தல்போ சபையைப் பூட்டிச் சாவியைக் கடலில் போட்டுவிட வேண்டியதுதான்.

காலையில் நீங்கள் முனகி முனகி அழுகிற சத்தத்தில்தான் இத்தனை வருஷமும் எனக்கு விழிப்பு வந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். இங்கே வந்த பிறகு அது இல்லாமல் எனக்குத் தூக்கம் சரியில்லை. குடித்துவிட்டு அழுகிற புருஷனோடு குடித்தனம் நடத்திவிடுவேன். குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவரை எனக்கு வேண்டாம்.

போங்கள். குடித்திருந்தாலும் போங்கள். வாய் நாறினாலும் போங்கள். சுவருக்குப் பின்னால் இல்லை, உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஊருக்கு வந்ததும் அந்த ஜாடியை உங்கள் தலையில் கவிழ்ப்பேன், அது வேறு விஷயம். ஆனால் குளித்துச் சுத்தமான பிறகுதான் குளியலறைக்குப் போவேன் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். போங்கள், என்ன.

ஓக்புன்


தல்போ
1985 மார்ச் 5

கும்ஹீ அம்மாவுக்கு,

போனேன்.

உடனே போகவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று காலை வாசல்வரை போய்த் திரும்பினேன். நேற்று காலையில் நாய் எனக்கு முன்னால் உள்ளே ஓடிவிட்டது. அதைப் பிடிக்கப் போனவன் அப்படியே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பே அக்கா மட்டும் தான் தரையில் போட்டு உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

போதகர் ஆண்டவரைக் கூப்பிடச் சொன்னார். எல்லாரும் கத்த ஆரம்பித்தோம். நானும் கத்தினேன். ஆனால் இந்த முறை ஒரு கண்ணைத் திறந்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சூடு பட்டவன் அல்லவா. போதகர் கையைத் தூக்கினார், நான் பாதிச் சொல்லிலேயே நிறுத்திவிட்டேன். மணி அடித்தது. எல்லாரும் அடங்கினோம்.

ஒருத்தர் மட்டும் அடங்கவில்லை.

முன்வரிசை. மா மூப்பர். மணிக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்கிற மனுஷன், ஒரு நாளும் தவறாதவர், தலையைத் தரையில் வைத்துக்கொண்டு கத்துகிறார்:

"பியோ ஜாடியைக் குடிச்சது நான்தான் ஆண்டவரே! சாட்சிக்கு ஒரு சொட்டுன்னு நாக்குல வச்சேன், அன்னையிலேருந்து விட முடியல! அவன் பேரை அடிச்ச கையாலேயே அகப்பையைப் புடிச்சேன்! அவன் நாய்க்குக் கருவாடு போட்டு வாயை அடைச்சேன்..."

நாய் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வாலை ஆட்டியது.

மணி அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் நிறுத்த முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதி எப்படிப்பட்டது என்று அந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது முதுகில் உட்காரும், ஓக்புன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நொடியில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. "வாய்யா வா, மாட்டினியா" என்று தொண்டைவரை வந்துவிட்டது. அடுத்த நொடியில் அவர் நிறுத்திவிட்டார். தலையைத் தூக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "ஆண்டவரேஏஏ!" என்று பெரிய சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். மணி அடித்தாயிற்று, ஜெபம் முடிந்தாயிற்று, நான் கத்துகிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பாசி விளைச்சலுக்கு நன்றி சொன்னேன். படகு என்ஜினுக்கு நன்றி சொன்னேன். நாயின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். அப்புறம் பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவளும் தொடங்கினாள். கோ தம்பி ஆமென், ஆமென், ஆமென் என்றான். அந்த ஆளுக்கு நேற்றுத்தான் பயன் இருந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கூரை பறந்துவிடும் போல இருந்தது. அந்த இரைச்சலுக்குள் மா மூப்பர் மறுபடியும் தலையைத் தரையில் வைத்து என்னமோ சொல்லி அழுதார். என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை.

போதகர் மணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து எல்லாரும் போகும்வரை மா மூப்பர் தன் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தே நின்றார். காலில்தான் போட்டிருந்தார். நான் போய், "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன். இரண்டு பேரும் ஜாடியைத் தோண்டி எடுத்துக் கொட்டினோம். புளித்து நாறியது. அதைப் போய் இத்தனை நாள் குடித்திருக்கிறோம். "உன் முடிச்சை அவுக்கத் தெரியாம ஒருநாள் கையைக் கிழிச்சுக்கிட்டேன்யா" என்று விரலைக் காட்டினார். அப்புறம் கொட்டிய கள்ளை மண் குடிப்பதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். சந்தோஷமாகத்தான் நின்றோம் என்று சொல்ல முடியாது.

இதோடு முடித்திருந்தால் நல்ல கடிதமாக இருக்கும். உன்னிடம் இனிப் பொய் எழுதுவதில்லை என்று இருப்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் மீன்பிடித் துறையில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டேன். ஒன்றுதான். இன்று காலையில் போய் அதையும் கத்திவிட்டு வந்தேன்.

பியோ சங்கில்


பூசான்
1985 மார்ச் 9

கும்ஹீ அப்பாவுக்கு,

வாசித்தேன். சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். போதகரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஒன்று குடித்தால் இரண்டு இறங்கியது உண்மைதான் போலிருக்கிறது. உங்களை நம்பாததற்கு என்னையும் மன்னித்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதுவது எனக்குச் சுலபம் இல்லை, அதனால் ஒரு தடவைதான் எழுதுவேன்.

மா மூப்பர் விஷயத்தை இங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. கும்ஹீயிடம் மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். கீழ்வீட்டு அம்மா கதவு திறந்திருந்ததால் கேட்டுவிட்டார். நாளைக் காலையில் நானும் போய்க் கத்த வேண்டியதுதான்.

மூன்றாவது ஜாடியை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த பனிக்கு அதில் முள்ளங்கி போடுகிறேன். எங்கள் அம்மா கொடுத்த ஜாடி, விரிசல் எல்லாம் இல்லை.

நீலப் பட்டைக் கும்ஹீக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டிலுக்குத் திரை நன்றாகத்தான் இருக்கிறது. ஞானஸ்நானம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் முழுக்க விட்டுவிட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். துறையில் குடித்தீர்களே அந்த ஒரு கிண்ணம், வலித்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஓக்புன்


தந்தி
வாண்டோ, 1985 மார்ச் 13

ஜாடி கவிழ்த்தாயிற்று. நாய் மா மூப்பர் வீட்டில். வெள்ளி மாலைப் பேருந்தில் வருகிறேன். வலித்தது.